அம்மாளும் எறும்பும்

எனக்குத் தெய்வம் வந்ததேயில்லை. கல்யாணம் முடித்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு வைகாசியிலும் கண்ணகி அம்மன் கோயில் முற்றத்தில் கைகூப்பி நின்றிருக்கிறேன். உடுக்கு அடிக்கும், பெண்கள் குரவை போடுவார்கள், என் கணவரின் அக்கா தலைமுடி அவிழ ஆடுவார். நான் மட்டும் நட்டு வைத்த கம்பு மாதிரி நிற்பேன். கணவரின் குடும்பத்துப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெய்வம் வருவது வழக்கம். வந்த மருமகளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள், குரலும் கொஞ்சம் உரப்பு, கோபமோ மூக்கின் நுனியில். "ரீச்சரக் கண்டா அம்மாளுக்கும் பயம்" என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அதில் மனக்குறை எதுவும் இருக்கவில்லை.

அதனால்தான், இரண்டு வருடங்களுக்கு முன் குளிர்த்தி நாளன்று நான் நடுங்கத் தொடங்கியபோது ஊரே சந்தோஷப்பட்டது.

எங்கள் கோயில் கதவு வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும். சில நாள் சடங்கு நடந்து, கடைசி நாள் குளிர்த்தி. கோபம் கொண்ட அம்மாளைப் பாட்டுப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்துக் குளிர வைப்பார்கள். அன்று காலை வெயில் ஏறிவிட்டிருந்தது. முற்றம் நிறைந்த கூட்டம். நான் நிழலுக்கு ஒதுங்கி ஓரத்தில் நின்ற பூவரசில் சாய்ந்தேன். பாதி பட்டுப்போய், பாதி தளிர்த்த மரம் அது.

கழுத்துக்குக் கீழே சுருக்கென்றது. தட்டி எடுத்துப் பார்த்தால், மெலிந்து நீண்ட ஓர் எறும்பு. தலையும் பின்பக்கமும் கறுப்பு, நடு உடல் மட்டும் செங்கல் நிறம். காய்ந்த கொப்புகளின் பொந்துக்குள் குடியிருக்கும் சாதி. இந்தப் பக்கத்தில் அதனிடம் குத்து வாங்காத ஆளைக் காண்பது கஷ்டம். தேசிக்காயை வெட்டி அதன் புளியைத் தேய்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். முந்தைய வருடம் அது என் புறங்கையில் குத்தியபோது முழங்கை வரை வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. தேசிக்காயோடு மஞ்சளும் பூசினேன். மறுநாள் வற்றிவிட்டதால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இந்த முறை முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால், பிறகு காதுக்குள். முகம் சுட்டது. கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் தலையைச் சொறிந்தேன். அதற்குள் தொண்டை இறுகத் தொடங்கியது. உள்ளே போன மூச்சு வெளியே வர அடம்பிடித்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்து ஏதோ சொல்லப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, சீறல்தான் வந்தது. அவள் திரும்பினாள். கண் சிவந்து, உதடு தடித்து, தலைவிரி கோலமாகக் கைகால் நடுங்க நிற்கும் என்னைக் குளிர்த்தி நாளன்று கோயில் முற்றத்தில் பார்த்தால் அவள் வேறென்ன நினைப்பாள். குரவை போட்டாள்.

கூட்டம் விலகி எனக்கு இடம் விட்டது. உடுக்கு அடித்தவர் என் பக்கம் திரும்பி வேகத்தைக் கூட்டினார். "ரீச்சருக்கு வந்திட்டு, ரீச்சருக்கு வந்திட்டு" என்ற பேச்சு கடைசி வரிசை வரைக்கும் ஓடியது. யாரோ என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள். மூச்சு முட்டிச் சாகப் போகிற ஒருத்தியின் காலில், என் மாணவி ஒருத்தியின் தகப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, என்ட மூத்த மகளுக்கு விசா கிடைக்குமா தாயே?"

தெய்வம் வந்தவர்களிடம் இப்படிக் கேட்பதும் அவர்கள் சொல்வதும் எங்கள் ஊரில் வழக்கம். கட்டுச் சொல்லுதல் என்போம். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெய்வமில்லை, எறும்பு குத்தியிருக்கிறது, என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்பதையெல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் சொல்லப் பார்த்தேன். விசா கேட்டவர் அழத் தொடங்கினார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னை அணைத்துப் பிடித்தன. என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். வருடந்தோறும் ஆடுகிறவர் அவர்தான், அன்று அவருக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. கறிவேப்பிலைக்கும் கோழிக்கும் எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. அவர் என் காதருகே குனிந்து, தாயிடம் கேட்கும் குரலில் கேட்டார்.

"ஆர் தாயே வந்திருக்கிறது? சொல்லு தாயே."

நான் சாய்ந்தேன். அவர் கை என் கழுத்தில் பட்டது, பிறகு நெற்றியில், பிறகு உள்ளங்கையில். அந்தக் கை அங்கேயே நின்றது.

"உடுக்க நிப்பாட்டு" என்றார். நிற்கவில்லை. "நிப்பாட்டச் சொன்னன். இது அம்மாள் இல்ல."

"வேற என்ன? பாக்கவே தெரியுதே" என்றது ஒரு குரல்.

"எனக்குத் தெரியாதா? அது வரக்குள்ள உடம்பு கொதிக்கும். அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கும். இவள் குளிர்ந்து போறாள்."

"மஞ்சள் தண்ணி ஊத்தினா குளிரும்தானே."

"தள்ளு கா அங்கால" என்று அந்தக் குரலைத் தள்ளிவிட்டு, கூட்டத்தின் அந்தப் பக்கம் திகைத்து நின்ற என் கணவரை மச்சாள் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டார்கள். போகும் வழியெல்லாம் மச்சாள் என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். அடி என்று சொல்வதுதான் சரி. கறிவேப்பிலைக் கணக்கும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, ஆனால் காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. மூச்சு விட முடிந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான். கட்டிலின் ஓரத்தில் மச்சாள் மஞ்சள் தண்ணீர் வடியும் சேலையோடு நின்றார். அந்த வருடம் அவருக்குத் தெய்வம் வர நேரமே கிடைக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு வாவிக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் பெண் டொக்டர் என்னிடம் எல்லாவற்றையும் விசாரித்தார். தெய்வம் பற்றிய பகுதியைச் சொன்னபோது சிரிப்பை அடக்கக் குனிந்து பேனாவைத் தேடினார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்.

"ரீச்சர், மற்ற ஆக்களுக்கு அது எறும்புக் கடி. உங்கட உடம்புக்கு அது நஞ்சு. அடுத்த முறை இன்னும் கெதியா, நிமிசத்துக்குள்ள நடக்கலாம். உங்கட வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?"

நான் சொன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மருந்தையும் ஊசியையும் கையோடு வைத்திருக்க வேண்டும், எறும்பு குத்தி அறிகுறி தெரிந்த உடனே தொடையின் வெளிப்பக்கம் போட வேண்டும், போட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்றார். நான் பழக வேண்டும், நான் மயங்கினால் போடுவதற்கு வீட்டில் இன்னொருவரும் பழக வேண்டும். டொக்டர் என் கணவரைப் பார்த்தார். உழவு மெசினைச் சேற்றிலிருந்து தனியாக இழுத்தெடுக்கும் மனிதர், மருந்துக் குப்பியின் கழுத்தை டொக்டர் முறித்த சத்தத்திலேயே வெளுத்துப் போய், உட்காரக் கதிரையைத் தேடினார்.

"எனக்குக் காட்டுங்க மகள்" என்றார் மச்சாள்.

வீட்டுக்கு வந்து பப்பாசிக்காயில் பழகினோம். தாதி தந்துவிட்ட வெறும் தண்ணீர்க் குப்பிகளை முறித்து, ஊசியில் இழுத்து, காற்றை வெளியேற்றிக் குத்துவோம். எனக்குக் கை தடுமாறும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் திட்டுகிற அத்தனை வாக்கியமும் எனக்கே திரும்பி வந்தது, மச்சாளின் வாயால். "இவ்வளவு படிச்சிட்டு ஒரு குப்பிய முறிக்கத் தெரியல்ல." அவர் ஒரே இழுப்பில் செய்துவிடுவார். மருந்தையும் ஊசியையும் என் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்தோம். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்குப் பெயர் பெட்டி என்றாகிவிட்டது. வெளியே கிளம்பினால் வீடு பூட்டித் திறப்பு எடுத்தாயா என்று கேட்பதை விட்டு, பெட்டி எடுத்தாயா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஊரில் வேறு பேச்சு ஓடியது. வந்த அம்மாளை ஊசி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னார்கள், ஆனால் பகிடி முழுவதும் பகிடி இல்லை. அதைவிட என்னை வதைத்தது என் பயம். மரத்தடியில் நிற்கமாட்டேன். கொடியில் காய்ந்த உடுப்பை உதறி உதறிப் பார்ப்பேன். எங்கள் வயல் இருக்கும் வட்டைக்கு, கதிர் பார்க்கக்கூடப் போகவில்லை. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை நின்றது. கரும்பலகையில் பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பேன். ஊரில் ஒரு மரமும் இல்லாமல் வெட்டிவிடலாம் என்று ஒருநாள் நான் கத்தியபோது, என் கணவர் கோடரியோடு எழும்பிவிட்டார். அந்த அப்பாவி மனிதரைப் பார்த்துத்தான், இப்படி வாழ முடியாது என்று தோன்றியது. எறும்பு அன்று ஒருமுறைதான் குத்தியது. மிச்ச நாளெல்லாம் நானே என்னைக் குத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை அது நடந்தது மாசி மாதம், வீட்டு முற்றத்தில். காற்றுக்கு விழுந்த காய்ந்த கொப்பு ஒன்றைத் தூக்கி வேலியோரம் போட்டேன். மணிக்கட்டில் சுருக்கென்றது. அதே செங்கல் நிறம். உள்ளங்கை அரிக்கத் தொடங்கியதும் கூப்பிட்டேன். அப்போது இன்னும் குரல் இருந்தது.

"மச்சாள், பெட்டி."

அவர் படலையைத் திறந்து வரவில்லை. வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து, சேலை கிழியக் கிழிய வந்தார். என்னைக் கிடத்தி, திண்ணையிலிருந்த பெட்டியை எடுத்துத் திறந்தார். குப்பி முறிந்த சத்தம் கேட்டது. குத்துவதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். "பப்பாசிக்காய் எண்டு நினைச்சுக்கொள்" என்றார். அவர் எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது. குத்தினார். ஓட்டோ வந்தபோது நான் மூச்சு விட்டுக்கொண்டு, கிழிந்த சேலைக்காக அவர் வேலியைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அதோடு என் பயத்தில் பாதி கழன்றது. இது நடக்கும், நடந்தாலும் கடந்துவிடலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வட்டைக்குப் போனேன். கரும்பலகையில் கணக்கை முடித்தேன். வைகாசி வந்தபோது, குளிர்த்திக்குப் போவேன் என்று நானே சொன்னேன்.

சொன்ன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நான் தடுமாறினால் ஊசி போடத் தெரிந்த ஒரே ஆள் மச்சாள். குளிர்த்தி அன்று தெய்வம் வரும் ஆளும் மச்சாள். அவர் தன்னை மறந்து ஆடும்போது எனக்குக் குத்தினால் யார் போடுவது? தெய்வம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

"நான் வீட்ட இருக்கிறன் மச்சாள்" என்றேன்.

"வருசம் பூராவும் பயந்து கிடந்தது போதும். வா." பிறகு கோயில் பக்கம் பார்த்துச் சொன்னார், அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது போல. "இந்த வருசம் எனக்கு வராதே தாயே. எனக்கு வேல இரிக்கு."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது. மச்சாள் இளவயதில் கணவனை இழந்தவர். வருடம் முழுக்க யாரும் அவரிடம் ஒரு விஷயம் கேட்பதில்லை. கல்யாண வீடுகளில் பின்வரிசையில் நிற்பார், சமையலுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். குளிர்த்தி நாளன்று மட்டும் ஊர்ப் பெரியவர்கள் அவர் முன்னால் குனிந்து நிற்பார்கள், என்ன சொல்கிறார் என்று எல்லாரும் காது கொடுப்பார்கள். ஏற்கெனவே அவரிடமிருந்து ஒரு வருடத்தை நான் பறித்துவிட்டேன். இது இரண்டாவது.

உடுக்கு எழும்பியது. குரவை எழும்பியது. மச்சாள் என் பக்கத்தில், பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். முதலில் அவர் கால் விரல்கள் நிலத்தைப் பிறாண்டின. தோள் அதிர்ந்தது. அவர் மேல் பட்ட என் கையில் சூடு தெரிந்தது, உண்மையாகவே கொதித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்ல தாயே, இல்ல தாயே" என்று முணுமுணுத்தார். கூட்டம் அவரைப் பார்த்துக் காத்து நின்றது. அவர் நகரவில்லை. கட்டாடியார், எங்கள் பூசாரியை அப்படித்தான் சொல்வோம், குளிர்த்தித் தண்ணீரைத் தெளித்து முடிக்கும் வரைக்கும் அவர் அப்படியே நின்றார், கன்னத்தில் கண்ணீர் வழிய. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓர் எறும்பைக்கூடக் காணவில்லை.

வீடு திரும்பினோம். படலையடியில் மச்சாள் பெட்டியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அவர் மேல் அன்பாக இருந்தது. அதை அன்றைக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

என் கணவர் முற்றத்தில் நின்று அக்காவின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோட்டத்துக்குப் போய் ஒரு பப்பாசிக்காயோடு வந்தார்.

"எனக்கும் காட்டித் தா" என்றார்.

அவருக்குக் காட்டிக்கொடுத்தது என் படிப்பித்தல் காலத்திலேயே கடினமான பாடம். முதல் குப்பியை முறித்ததும் தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு குத்தினார், பப்பாசிக்காய் தப்பி மேசையில் பட்டது. நான் என் சுபாவத்துக்கு மாறாகத் திட்டாமல் இருந்தேன். மாரி பிறந்து மழை தொடங்கியபோது அவர் கண்ணைத் திறந்து வைத்துக் குத்தினார். அறுவடை முடிந்தபோது நடுங்காமல் குத்தினார். இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மச்சாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கறிவேப்பிலைச் சண்டை மட்டும் திரும்பத் தொடங்கியது. அதில் எனக்கு நிம்மதி.

இந்த வைகாசியும் கதவு திறந்தது. கோயில் முற்றத்துப் பூவரசில் பட்ட கொப்புகளையெல்லாம் யாரோ சுத்தமாக வெட்டி எரித்திருந்தார்கள். விசா கேட்டவரின் வேலை. மகள் விசா கிடைத்து வெளிநாடு போய்விட்டாளாம். அன்றைக்கு ரீச்சர் தலையை ஆட்டினது ஓம், கிடைக்கும் என்றுதான், தனக்குத்தான் விளங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நான் திருத்தப் போகவில்லை.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, மரத்துக்கு எட்டாத வெளியில் நின்றேன். பக்கத்தில் என் கணவர், வெறும் மேலோடு, வேட்டியும் சால்வையுமாக. மச்சாளுக்கு நான் காலையிலேயே சொல்லியிருந்தேன். "இண்டைக்கு உங்களுக்கு ஒரு வேலயும் இல்ல மச்சாள்." அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகம் போகவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

உடுக்கு எழும்பியதும் அவருக்கு வந்தது. இரண்டு வருடம் காத்திருந்தது முழுவதும் சேர்ந்து வந்தது. கூந்தல் அவிழ, வேப்பிலைக் கொத்தோடு முற்றத்தைச் சுற்றி ஆடினார். அவ்வளவு அழகாக அவர் ஆடி நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் குனிந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கரகரத்த வேறொரு குரலில் கட்டுச் சொன்னார். மழை வரும் என்றார், ஒருத்திக்குப் பிள்ளை கிடைக்கும் என்றார், ஒருவரைக் குடியை விடச் சொன்னார். அப்படியே என் முன்னால் வந்து நின்றார். வேப்பிலையை என் தலையில் வைத்தார். அந்தக் கண்கள் என்னை அடையாளம் கண்ட மாதிரி இல்லை, எனக்கு மேலே எங்கேயோ பார்த்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

உடுக்கு தாழ்ந்தது. கூட்டம் காது கொடுத்தது. அந்தக் கரகரத்த குரல் கேட்டது:

"பெட்டி எங்க?"

என் கணவர் கூப்பிய கையை எடுத்து, இடுப்பில் சால்வைக்குள் முடிந்திருந்த பெட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"இஞ்ச இரிக்கு தாயே."

அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள்.